போனஸ் பணமும் பையனின் கம்ப்யூட்டரும்

லோத்குண்டாவில் பிரதான சாலையை விட்டு உள்ளே ஐந்து நிமிடம் நடந்தால், வாசலில் துளசி மாடம் வைத்த மாடி வீடு ஒன்று வரும். கீழே வீட்டுக்காரர். மாடியில் வாடகைக்கு இருப்பது ஒரு தமிழ்க் குடும்பம். குடும்பத் தலைவர் ரெயில்வேயில் தலைமை குமாஸ்தா. திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து செகந்திராபாத்துக்கு வந்து 22 ஆண்டுகள் ஆகின்றன. மனைவி, இண்டர் முடித்து இன்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்துள்ள மகன், ஒன்பதாவது படிக்கும் மகள். அளவான குடும்பம், அளவான வருமானம்.

2025-ம் ஆண்டு செப்டம்பரில், தசராவுக்கு முன்பு, வழக்கம்போல ரெயில்வே ஊழியர்களுக்கு 78 நாள் போனஸ் அறிவித்தார்கள். 78 நாள் என்று பேப்பரில் வந்ததும் பக்கத்து வீட்டுக்காரர்கள் கண் வைத்துவிடுவார்கள். ஆனால் அந்தக் கணக்குக்கு மாதச் சம்பளம் ரூ.7,000 என்ற உச்ச வரம்பு உண்டு என்பதும், கைக்கு வருவது அதிகபட்சம் ரூ.17,951 தான் என்பதும் வாங்குகிறவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த ரூ.17,951-க்கு அந்த வீட்டில் மூன்று பேர் மனுப் போட்டிருந்தார்கள். மனைவிக்கு வாஷிங் மெஷின். மகளுக்கு சைக்கிள். மகனுக்கு கம்ப்யூட்டர், அதுவும் சாதாரணக் கம்ப்யூட்டர் அல்ல, விளையாட்டுகள் ஓடக்கூடிய கேமிங் கம்ப்யூட்டர். "படிப்புக்கும் அதுதான் அப்பா" என்றான் பையன். எல்லாப் பையன்களும் அப்படித்தான் சொல்கிறார்கள். போனஸோடு கூட்டுறவு சங்கத்தில் கடன் எடுத்து, மொத்தம் 60 ஆயிரத்துக்குள் முடிப்பது என்று தீர்மானமாயிற்று. வாஷிங் மெஷின் அடுத்த ஆண்டுக்கு ஒத்திவைக்கப்பட்டது.

பிராசஸர், கிராபிக்ஸ் கார்டு விஷயத்தில் தகப்பனார் தலையிடவில்லை. அவருக்குப் புரியாது. ஆனால் தகவல்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் என்று வந்தபோது மட்டும் அவருக்கு ஒரு கருத்து இருந்தது. ஆபீசில் ரிக்கார்டு அறையைப் பார்த்தவர் அல்லவா!

"டிஸ்குக்கு மொத்தம் பத்தாயிரம். அதுக்கு மேல ஒரு பைசா கிடையாது. அந்தப் பணத்துக்குப் பெரிய ஹார்ட் டிஸ்கா ஒண்ணு வாங்கிடு. 4 டி.பி. வருமாமே" என்றார்.

"ஹார்ட் டிஸ்கெல்லாம் பழசுப்பா. நான் சொல்றது ஜென்-5 எஸ்.எஸ்.டி. ஒரு செகண்டுக்கு 14 ஆயிரம் எம்.பி." என்றான் பையன்.

இருவர் சொன்னதிலும் பாதி சரி, பாதி தவறு.

ரிக்கார்டு அறையும் மேசையும்

ஹார்ட் டிஸ்க் என்பது சுழலும் தட்டு. கிராமபோன் தட்டுபோல ஒன்றன்மேல் ஒன்றாகத் தட்டுகள் நிமிடத்துக்கு 7,200 தடவையோ 5,400 தடவையோ சுற்றுகின்றன. ஊசிக்குப் பதில் ஒரு கை, தட்டின் மேல் படாமல் மிதந்துகொண்டே தகவலைத் தேடிப் படிக்கிறது. கை நகரவும், வேண்டிய இடம் சுழன்று வரவும் சேர்த்து ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு ஆகிவிடும். இது என்ன பெரிய நேரம் என்று தோன்றும். ஒரு விளையாட்டைத் திறக்கும்போது ஆயிரக்கணக்கான சிறு சிறு கோப்புகளைத் தேட வேண்டியிருக்கிறது. விநாடிக்கு எண்பது, நூறு கோப்புக்கு மேல் அந்தக் கையால் எட்ட முடியாது. அங்கேதான் பையன்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நகம் கடிக்கிறார்கள்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது. பென் டிரைவில் இருப்பது போன்ற சில்லுதான். ஆனால் தரமும் வேகமும் பல மடங்கு. ஆபீஸ் பாஷையில் சொன்னால், ஹார்ட் டிஸ்க் என்பது பியூன் ஏணி வைத்து ஏறி, மேல் அலமாரியிலிருந்து பைல் எடுத்து வருவது. எஸ்.எஸ்.டி. என்பது எல்லா பைலும் மேசை மேலேயே விரித்து வைத்திருப்பது.

இந்தச் சில்லைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் தோஷிபா கம்பெனியில் வேலை பார்த்த புஜியோ மசுவோகா என்ற இன்ஜினீயர். இன்று உலகமெங்கும் பயன்படும் 'நாண்ட்' வகைச் சில்லைப் பற்றி அவர் 1987-ல் அறிவித்தார். கம்பெனிக்குக் கிடைத்த லாபத்துக்குத் தக்கபடி தமக்குப் பணம் தரவில்லை என்று 2004-ல் வழக்குப் போட்டார். 2006-ல் 8 கோடியே 70 லட்சம் யென்னுக்கு ராஜியாயிற்று. போனஸ் தகராறு நம்மவர்களுக்கு மட்டும் உரியதல்ல.

டி.பி. என்றால் என்ன?

பையனின் பாட்டி ஊரிலிருந்து போனில் பேசும்போது, "புள்ளைக்கு டி.பி. வாங்கணும்னு சொல்றாங்களே, என்னடா அது" என்று பதறிப்போனாராம். இது காசநோய் அல்ல, டெரா பைட். ஒரு டெரா பைட் என்றால் லட்சம் கோடி எழுத்துகள். 1956-ல் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்ட முதல் ஹார்ட் டிஸ்க், 24 அங்குல அகலத் தட்டுகள் ஐம்பது கொண்டது. எடை சுமார் ஒரு டன். அதில் பிடித்தது 50 லட்சம் எழுத்துகள். அப்படிப்பட்ட இரண்டு லட்சம் இயந்திரங்களின் சரக்கு இன்று விரல் நீளத் தகட்டில் அடங்கிவிடுகிறது.

1 டி.பி. டிஸ்கை வாங்கிப் பொருத்தினால் கம்ப்யூட்டர் 931 ஜி.பி. என்றுதான் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போக வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கிக் கணக்குப் போடுகிறார். விண்டோஸ் 1,024 ஆகப் பெருக்கிக் கணக்குப் போடுகிறது. அவ்வளவே.

இந்தக் காலத்து விளையாட்டுகள் சாப்பிடும் இடத்தைக் கேட்டால் தலை சுற்றும். 'ரெட் டெட் ரிடம்ப்ஷன் 2' என்ற விளையாட்டுக்கு 150 ஜி.பி. வேண்டும். 2023-ல் வந்த 'பால்டர்ஸ் கேட் 3' விளையாட்டுக்கும் 150 ஜி.பி.; அதற்கு எஸ்.எஸ்.டி. கட்டாயம் என்றே தயாரிப்பாளர்கள் எழுதியிருக்கிறார்கள். அதே ஆண்டில் வந்த 'ஸ்டார்பீல்டு' விளையாட்டுக்கும் இதே நிபந்தனை. இடம் 125 ஜி.பி. ஆக, 500 ஜி.பி. டிஸ்க் வாங்கினால் விண்டோஸ் போக, பெரிய விளையாட்டு இரண்டு வைக்கலாம். மூன்றாவது வேண்டுமானால் ஒன்றை அழிக்க வேண்டும். பிறகு மறுபடி அது வேண்டும் என்று தோன்றும். விநாடிக்கு 5 எம்.பி. இறங்கும் இணைப்பில் 150 ஜி.பி. இறங்க எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும்.

தகப்பனார் சொன்ன 4 டி.பி. ஹார்ட் டிஸ்கில் இடம் தாராளம். ஆனால் மேலே சொன்ன விளையாட்டுகள் அதில் ஒழுங்காக ஓடாது. மகன் கேட்ட ஜென்-5 வேகம் உண்மைதான். அந்த வேகத்தில் விளையாட்டுக்குக் கிடைக்கும் பலனைத் தேடிப் பார்க்க வேண்டும்.

அம்மா கேட்ட கேள்வி

வாக்குவாதம் மூன்று நாள் நடந்தது. நாலாவது நாள் பையன் ஒரு சமாதானத் திட்டம் கொண்டுவந்தான். "பழைய கம்ப்யூட்டர்ல 500 ஜி.பி. ஹார்ட் டிஸ்க் சும்மாதானே இருக்கு. அதைக் கழட்டி இதுல மாட்டிக்கலாம். பத்தாயிரத்துக்கும் நல்ல எஸ்.எஸ்.டி.யா ஒண்ணே வாங்கிடலாம்."

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. அப்போதுதான் சமையலறையிலிருந்து அம்மா கேட்டார்: "என்னங்க, எங்கப்பாவோட அறுபதாம் கல்யாண வீடியோ எதுல இருக்கு?"

யாரும் பதில் சொல்லவில்லை.

2014-ல் திருக்கடையூரில் நடந்த அறுபதாம் கல்யாணம். வீடியோக்காரர் கொடுத்த டி.வி.டி. கீறல் விழுந்து எப்போதோ கெட்டுவிட்டது. அந்த ஸ்டூடியோவும் இப்போது இல்லை. அந்த அம்மாவின் தகப்பனார் 2021-ல் கொரோனாவில் காலமானார். ஊருக்குப் போய் முகம் பார்க்கக்கூட முடியாத நேரம். அவர் பேசி, சிரித்து, நடமாடும் காட்சி உள்ளது அந்த ஒரு வீடியோவில்தான். அது இருந்தது, பையன் கழற்றி மாட்டலாம் என்ற அதே ஹார்ட் டிஸ்கில்.

உடனே பழைய கம்ப்யூட்டரைப் போட்டுப் பார்த்தார்கள். 'கட்... கட்... கட்' என்று சத்தம். இரண்டு மூன்று தடவை அணைத்துப் போட்ட பிறகு ஒரு வழியாக விண்டோஸ் வந்தது. வீடியோவைத் தொட்டதும் நின்றுவிட்டது.

அதே பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் ஆம்பூர்க்கார இளைஞர் ஒருவர் இருக்கிறார். டிப்ளமோ படித்தவர். அவரை அழைத்து வந்தார்கள். வாசலிலேயே சத்தத்தைக் கேட்டுவிட்டு, "முதல்ல அணைங்க அண்ணா. இனிமே ஆன் பண்ணாதீங்க" என்றார்.

இந்தச் சத்தம் வரும்போது பலரும் செய்யும் தவறுகளை அவர் எடுத்துச் சொன்னார். திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பது ஒன்று. ஒவ்வொரு தடவையும் தட்டில் மேலும் கீறல் விழலாம். டிஸ்கைச் சரிபார்க்கும் விண்டோஸ் வசதியை ஓடவிடுவது இன்னொன்று; நலிந்த டிஸ்கை அது மணிக்கணக்கில் வேலை வாங்கிக் கொன்றுவிடும். சிலர் பாலிதீன் பையில் சுற்றி பிரிட்ஜில் வைக்கிறார்கள். யாரோ சொல்லிக் கேட்ட வைத்தியம். ஈரம் உள்ளே போனால் இருக்கிறதும் போய்விடும்.

அவர் டிஸ்கைக் கழற்றி, வேறொரு கம்ப்யூட்டரில் இரண்டாவது டிஸ்காக இணைத்தார். டிஸ்கின் உடல்நிலையைக் காட்டும் 'கிரிஸ்டல் டிஸ்க் இன்போ' என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. அதைப் பார்ப்பது நாடி பிடித்துப் பார்ப்பது போல. எல்லாம் நலமென்றால் நீலம். எச்சரிக்கை என்றால் மஞ்சள். இங்கே மஞ்சள். கெட்டுப்போய் மாற்றப்பட்ட இடங்களின் எண்ணிக்கையும், படிக்க முடியாமல் காத்திருக்கும் இடங்களின் எண்ணிக்கையும் பூஜ்யமாக இருக்க வேண்டியவை. இரண்டும் நூற்றுக்கணக்கில் இருந்தன.

"எது முக்கியமோ அதை முதல்ல எடுப்போம். மத்ததெல்லாம் அப்புறம்" என்று வீடியோவிலிருந்து ஆரம்பித்தார். டி.வி.டி.யிலிருந்து ஏற்றியதால் அது ஒவ்வொரு ஜி.பி. அளவில் நான்கு துண்டாக இருந்தது. முதல் மூன்று துண்டும் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டன. நாலாவது நகரவில்லை. கெட்ட இடங்களைத் தாண்டித் தாண்டிப் படிக்கும் வேறொரு புரோகிராமைப் போட்டு, இரவு முழுக்க ஓடவிட்டார்கள். தகப்பனார் நாற்காலியிலேயே தூங்கினார். காலையில் முக்கால்வாசி வந்திருந்தது. மகளின் முதல் பிறந்த நாள் போட்டோக்கள் ஒரு போல்டர் முழுவதும் வரவே இல்லை.

நாலாவது துண்டில்தான் பெரியவர்களிடம் எல்லோரும் ஆசீர்வாதம் வாங்கும் காட்சி. படம் கட்டம் கட்டமாக உடைகிறது. குரல் விட்டு விட்டுக் கேட்கிறது. ஆனால் கேட்கிறது. அம்மா அதை இரண்டு தடவை போடச் சொன்னார்.

எஸ்.எஸ்.டி. என்றால் இந்த ஆபத்து இல்லை என்று எண்ண வேண்டாம். ஹார்ட் டிஸ்க் பெரும்பாலும் சத்தம் போட்டுச் சொல்லிவிட்டுச் சாகும். எஸ்.எஸ்.டி. பல சமயம் ஒன்றும் சொல்லாமல் ஒரு நாள் காலையில் கண் திறக்காது. அதிலிருந்து தகவலை மீட்பது ஹார்ட் டிஸ்கைவிடக் கடினம். அழித்த கோப்பை மீட்பதும் அப்படியே. அழித்த இடத்தை எஸ்.எஸ்.டி. தானே துடைத்துச் சுத்தமாக்கிக்கொள்ளும்.

தாய்லாந்து வெள்ளமும் செகந்திராபாத் விலையும்

அந்தப் பழைய ஹார்ட் டிஸ்குக்கு ஒரு கதை உண்டு. அதை அவர் வாங்கியது 2012 தொடக்கத்தில். அதற்குச் சில மாதங்களுக்கு முன், 2011 அக்டோபரில், தாய்லாந்தில் பெருவெள்ளம் வந்து ஹார்ட் டிஸ்க் தொழிற்சாலைகள் மூழ்கின. உலகெங்கும் விலை ஏறக்குறைய இரட்டிப்பாயிற்று. பாங்காக் பக்கத்தில் பெய்த மழைக்கு லோத்குண்டாக் குமாஸ்தா இரண்டு மடங்கு பணம் கட்டினார். "ஒரு வாரம் பொறுங்க, இறங்கிடும்" என்று கடைக்காரர் சொன்னதையும், ஓராண்டுக்கு மேலாகியும் பழைய விலை வராததையும் அவர் மறக்கவில்லை.

2023-ல் 1 டி.பி. எஸ்.எஸ்.டி. ரூ.4,000 அளவுக்குக்கூடக் கிடைத்தது. சில்லு தேவைக்கு மேல் உற்பத்தியானதே காரணம். 2025-ன் பிற்பகுதியில் காற்று திசை மாறிற்று. செயற்கை அறிவுக்காக அமெரிக்கா முதலிய நாடுகளில் கட்டும் ராட்சதக் கம்ப்யூட்டர் நிலையங்கள் சில்லுகளை மொத்தமாக வாங்கிக் குவிக்க, விலை ஏறத் தொடங்கியது. 2025 டிசம்பரில், ஐதராபாத்திலும் அலுவலகம் வைத்துள்ள மைக்ரான் கம்பெனி, கடைகளில் விற்கும் தனது 'குரூசியல்' வியாபாரத்தையே விட்டுவிடுவதாக அறிவித்தது. தீபாவளிக்கு வாங்கியவர்கள் பிழைத்தார்கள். பொங்கலுக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்கள் கூடுதலாகக் கொடுத்தார்கள். செப்டம்பரில் ஜி.எஸ்.டி. குறைத்தார்களே, டிஸ்குக்கும் குறையாதா என்று சிலர் காத்திருந்தனர். டிஸ்குக்கு வரி 18 சதவீதமாகவே நின்றது.

மீட்டர் கேஜ், பிராட் கேஜ்

ஆம்பூர் இளைஞர் பையனை உட்காரவைத்து விளக்கியது ரெயில்வே வீட்டுக்குப் பொருத்தமாகவே இருந்தது.

எஸ்.எஸ்.டி.யில் 'சாட்டா' என்று ஒரு வகை. அது மீட்டர் கேஜ் பாதை. விநாடிக்கு 550 எம்.பி.க்கு மேல் போகாது. 'என்.வி.எம்.இ.' என்பது பிராட் கேஜ். அதில் மூன்றாம் தலைமுறை 3,500 எம்.பி. வரை, நான்காம் தலைமுறை 7,000 வரை, ஐந்தாம் தலைமுறை 14 ஆயிரம் வரை. நல்ல ஹார்ட் டிஸ்கே 150 முதல் 250 எம்.பி.தான்.

"ஆனா தம்பி, நீ வாங்கப்போற போர்டுல எந்தத் தலைமுறைன்னு பார்த்தியா?" என்று கேட்டார். பையன் விலைக்குத் தக்கபடி எச்.610 வகை மதர்போர்டு ஒன்றைத் தேர்ந்து வைத்திருந்தான். அந்த வகையில் பல போர்டுகளில் எம்.2 பொருத்துமிடம் மூன்றாம் தலைமுறைதான். அவன் எடுத்துவைத்திருந்ததும் அப்படியே. ஜென்-5 டிஸ்கை அதில் செருகினாலும் ஜென்-3 வேகத்தில்தான் ஓடும். வந்தே பாரத்தைக் கொண்டுவந்து கிளைப் பாதையில் விட்ட கதை. போதாததற்கு ஜென்-5 டிஸ்குகள் கொதிக்கும். தனியாக உலோகக் கவசம் வேண்டும். மே மாத லோத்குண்டா மாடியில், சூடு மிஞ்சி அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

விளையாட்டைத் திறக்க ஹார்ட் டிஸ்கில் ஒரு நிமிடம் ஆகிறது என்றால், சாட்டா எஸ்.எஸ்.டி.யில் இருபது விநாடி போல ஆகும். என்.வி.எம்.இ.யில் அதிலும் சில விநாடி குறையும். ஜென்-3க்கும் ஜென்-5க்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலான விளையாட்டுகளில் கண்ணுக்கே தெரியாது. அந்தப் பணத்தை கிராபிக்ஸ் கார்டில் போட்டால் படம் நன்றாக ஓடும். டிஸ்க் எவ்வளவு வேகமானாலும் படத்தின் ஓட்டத்தைக் கூட்டாது.

பழைய கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டே சமாளிக்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2011-ல் வந்த எச்.61 வகை போர்டுகள் நம்மவர் வீடுகளில் இன்னும் ஏராளம். அவற்றில் எம்.2 கிடையாது. சாட்டா பாதையும் பாதி வேகம்; 270 எம்.பி. போனால் அதிகம். அப்படியும் ஒரு சாட்டா எஸ்.எஸ்.டி. போட்டால் கிழட்டுக் கம்ப்யூட்டர் எழுந்து நடக்கும். அந்தச் செலவு வீண் போகாது.

அடுத்து, மலிவான எஸ்.எஸ்.டி. ஏன் மலிவு என்ற விஷயம். சில்லின் ஓர் அறையில் மூன்று பிட் வைப்பது டி.எல்.சி. நான்கு பிட் திணிப்பது கியூ.எல்.சி. ஒற்றை அறை வீட்டில் மூன்று பேர் இருப்பதற்கும் நான்கு பேர் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். கியூ.எல்.சி.யில் பெரிய கோப்பை எழுதும்போது முதலில் வேகமாகப் போகும், பிறகு படுத்துவிடும். சாம்சங்கின் 870 கியூ.வி.ஓ. 1 டி.பி. டிஸ்க் அந்த நிலையில் விநாடிக்கு 80 எம்.பி.க்கு இறங்கிவிடும்; இது ஹார்ட் டிஸ்கைவிடக் குறைவு. ஆயுளும் வேறுபடும். சாம்சங் 870 இவோ 1 டி.பி.க்கு 600 டி.பி. வரை எழுதலாம் என்று உத்தரவாதம், கியூ.வி.ஓ.வுக்கு 360. நாளைக்கு 50 ஜி.பி. எழுதினாலும் 600 டி.பி. தீர 32 ஆண்டு ஆகும் என்பதையும் சொல்ல வேண்டும். பையன் பணி ஓய்வுக்குப் பக்கத்தில் வந்திருப்பான்! ஆகவே ஆயுளைப் பற்றி அதிகம் அஞ்ச வேண்டாம். ஐந்தாண்டு உத்தரவாதம் உள்ளதா, டி.எல்.சி.யா என்று கேட்டு வாங்கினால் போதும்.

பார்க் லேன் பயணம்

ஒரு சனிக்கிழமை மாலை தகப்பனார், மகன், ஆம்பூர் இளைஞர் மூவரும் பஸ் ஏறி, திருமலகிரி, கார்கானா, ஜூப்ளி பஸ் நிலையம் தாண்டிப் பார்க் லேன் போய்ச் சேர்ந்தார்கள். சென்னைக்கு ரிச்சி தெரு எப்படியோ அப்படி இரட்டை நகரத்துக்குச் செனாய் டிரேட் சென்டர். எல்லோரும் சி.டி.சி. என்பார்கள். கடைக்குக் கடை விலை வேறு. ஒரே கடையில் தெலுங்கில் கேட்டால் ஒரு விலை, இந்தியில் கேட்டால் ஒரு விலை என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

ஒரு கடையில், பெட்டி இல்லாத 2 டி.பி. ஹார்ட் டிஸ்கைப் பாதி விலைக்குக் காட்டினார்கள். "புதுசுதான் சார், பெட்டி மட்டும் இல்ல." தகப்பனாருக்குக் கை பரபரத்தது. இளைஞர் கடைக் கம்ப்யூட்டரிலேயே இணைத்துப் பார்க்கச் சொன்னார். ஓடிய நேரம் 26 ஆயிரம் மணியைத் தாண்டியிருந்தது. கிட்டத்தட்ட மூன்று ஆண்டு இரவு பகலாக எங்கோ கண்காணிப்புக் கேமராவில் உழைத்த டிஸ்க் போலும். கடைக்காரர் சிரித்தபடி வாங்கி உள்ளே வைத்தார். இது இங்கு மட்டும் நடப்பதல்ல. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில், பல ஆயிரம் மணி நேரம் ஓடிய சீகேட் டிஸ்குகள் புதியவை என்று விற்கப்பட்டது அம்பலமாயிற்று. ஓடிய மணியைக் காட்டும் கணக்கையே அவற்றில் யாரோ பூஜ்யமாக்கியிருந்தார்கள்.

இன்னொன்று, நம்ப முடியாத விலையில் 2 டி.பி., 4 டி.பி. என்று ஆன்லைனில் வரும் பெயர் தெரியாத எஸ்.எஸ்.டி.கள். பல, உள்ளே 64 ஜி.பி. சில்லை வைத்து, 2 டி.பி. என்று பொய்யாகக் காட்டும்படி செய்தவை. எழுத எழுத வாங்கிக்கொள்ளும். படிக்கும்போது ஒன்றும் இருக்காது. முழு இடத்தையும் எழுதித் திரும்பப் படித்துச் சோதிக்கும் இலவச புரோகிராம்கள் உண்டு. வாங்கிய அன்றே ஓட்டிப் பார்த்தால் திருப்பிக் கொடுக்க நாள் இருக்கும்.

கடைசியில் வாங்கியது, விண்டோசுக்கும் விளையாட்டுக்கும் 1 டி.பி. என்.வி.எம்.இ., மூன்றாம் தலைமுறை, டி.எல்.சி., ஐந்தாண்டு உத்தரவாதம். உள்ளே மாட்டும் ஹார்ட் டிஸ்குக்குப் பதில், வெளியே யூ.எஸ்.பி.யில் இணைக்கும் 1 டி.பி. ஹார்ட் டிஸ்க் ஒன்று. இது இளைஞரின் யோசனை. உள்ளேயே இருந்தால் மின்சாரம் எகிறும்போதும் வைரஸ் வரும்போதும் இரண்டும் சேர்ந்தே போகும். வெளியே இருந்தால் வேலை முடிந்ததும் கழற்றிப் பீரோவில் வைக்கலாம். அதில் விளையாட்டு ஓட்டினால் நத்தை வேகம்தான். போட்டோவும் வீடியோவும் வைக்க அது போதும். இரண்டும் சேர்த்து ரூ.10,300. முந்நூறு ரூபாய்க்காகத் தகப்பனார் பேசிப் பார்த்தார். கடைக்காரர் ஒரு மவுஸ் பேடு இலவசமாகக் கொடுத்தார். பில்லில் சீரியல் எண் எழுதி வாங்கிக்கொண்டார்கள். உத்தரவாதம் கேட்கும் நாளில் அந்த எண்தான் பேசும்.

தீபாவளிக்கு முதல் வாரம் கம்ப்யூட்டர் தயாராயிற்று. விண்டோஸ் திறக்கப் பதினைந்து விநாடிகூட ஆகவில்லை. எஸ்.எஸ்.டி.யை முழுக்க நிரப்பக் கூடாது, பத்தில் ஒரு பங்காவது காலியாக விட வேண்டும் என்று இளைஞர் சொன்னதைப் பையன் கேட்டுக்கொண்டான். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் 600 ஜி.பி. தீர்ந்துவிட்டது என்பது வேறு விஷயம். மின்வெட்டை நினைத்துப் பழைய யூ.பி.எஸ்.சுக்குப் புது பேட்டரி போட்டார்கள். அது பட்ஜெட்டில் இல்லாத செலவு.

மீட்ட வீடியோ இப்போது மூன்று இடத்தில் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒன்று. பீரோவில் உள்ள டிஸ்கில் ஒன்று. மூன்றாவது ஒரு பென் டிரைவ். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, அம்மா அதைப் பருத்தித் துணியில் முடிந்து, பலகாரத் தூக்குக்கு மேலே வைத்து எடுத்துப் போய்த் தன் தம்பியிடம் கொடுத்தார். பென் டிரைவை வருஷக்கணக்கில் அப்படியே போட்டுவைத்தால் உள்ளே உள்ளது மங்கிவிடலாம் என்று இளைஞர் எச்சரித்திருந்தார். அதனால் ஒவ்வொரு தீபாவளிக்கும் அதைப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று தம்பிக்குக் கண்டிப்பான உத்தரவு. பழைய ஹார்ட் டிஸ்கை எடைக்குப் போடலாமா என்று மகன் கேட்டான். அம்மா சம்மதிக்கவில்லை. அது இன்னமும் பூஜை அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய பஞ்சாங்கங்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது.